காரைக்குடியில் இருந்துகொண்டு ஒரே நாளில் கடல் பார்க்க

முழங்கால் வலியுள்ள அம்மாவோடு காரைக்குடியிலிருந்து ஒரே நாளில் ராமேஸ்வரம் போய்த் திரும்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் பாதி நாள் காரிலேயே கழிந்துவிடும். அதற்குப் பதில் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போங்கள். சுமார் ஒன்றரை மணி நேரம்தான்.

தொண்டி பாண்டியர் காலத்துத் துறைமுகம் என்றதும் பெரிய கோட்டை கொத்தளம் எதிர்பார்க்காதீர்கள். இன்று அது மீன்பிடி ஊர். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது; பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும். காலையிலேயே போனால் கரையில் நண்டு வலை பிரிப்பதைப் பார்க்கலாம். நீலக்கால் நண்டை, கொடுக்கு கையில் படாமல் பின்பக்கமாகப் பிடித்து, சிக்கிய கால்களை ஒவ்வொன்றாக விடுவிப்பார்கள். அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள், நேரம் போவதே தெரியாது.

திரும்பும்போது திருவாடானையில் பாடல் பெற்ற தலமான ஆதிரத்தினேஸ்வரர் கோயில், நேரமிருந்தால் ஓரியூர். அருளானந்தர் என்கிற போர்ச்சுகீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ 1693இல் கொல்லப்பட்ட இடம். அங்குள்ள மண் சிவந்ததே அவர் ரத்தத்தால்தான் என்று பக்தர்கள் நம்புகிறார்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தை இதே நாளில் திணிக்க வேண்டாம், அது தெற்கே தள்ளி இருக்கிறது.

அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் கூடுதலாக இருக்கும்.