கல்லடி வீட்டு வாடகையும் லண்டன் வரியும்

தம்பி, லண்டனுக்கு வந்து மூன்று மாதம் என்கிறீர்கள். கல்லடி வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம், காசு மட்டக்களப்பு வங்கியில்தான் விழுகிறது, இங்கே ஏன் வரி என்று கேட்கிறீர்கள். எந்தப் பகுதியில் வீடு எடுப்பது, என்ன ஜாக்கெட் வாங்குவது என்பதற்கெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விடுங்கள்.

காசு எங்கே விழுந்தாலும், இங்கே வதிகிறவர் அதைக் கணக்கில் காட்டத்தான் வேண்டும். வருடத்தில் மொத்த வாடகை 1,000 பவுண்ஸுக்குள் என்றால் பேசாமல் இருக்கலாம். மேலே போனால், ஏப்ரல் 5இல் வரி ஆண்டு முடிந்தபின் ஒக்டோபர் 5க்குள் இங்கத்தைய வரித் திணைக்களத்தில் பதிந்து, ஜனவரி 31க்குள் இணையத்தில் வரிப் படிவம் அனுப்புங்கள். ஒரு நாள் பிந்தினாலும் 100 பவுண்ஸ் போச்சு. இலங்கையில் கட்டிய வரியை இங்கே கழிக்கலாம், ரசீதை எறியாதீர்கள்.

கடை வாசலில் நம்மவர் “7,500 வரை வரியே இல்லை” என்பார்கள். அது இங்கே குடியிருக்கும் வீட்டில் அறை விடுகிறவருக்கு, கல்லடிக்கு இல்லை. புதிதாக வந்தவர் முதல் 4 வருடம் வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்குக் கேட்கவும் 2025 ஏப்ரலில் இருந்து வழி உண்டு. ஆனால் கேட்ட வருடம் சம்பளத்தில் 12,570 பவுண்ஸ் வரை வரி இல்லை என்ற கழிவு போய்விடும். வேலைக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் நட்டம்.

நான் வந்த புதிதில் ஈஸ்ட்ஹாமில் ஓர் அறையில் ஆறு பேர். வீட்டுக்காரர் ஊர்க்காரர்தான், வெள்ளிக்கிழமை கையில் காசு, ரசீதுத் துண்டு கிடையாது. “ஆருக்குத் தெரியப்போகுது” என்பார். மறுகா ஒருநாள் வரித் திணைக்களக் கடிதம் வந்தது. வேண்டுமென்று மறைத்தால் 20 வருடம் வரை கிண்டுவார்கள். வரி, வட்டி, தண்டம் என்று கட்டியே மனிதர் பாதியாகிப் போனார். அன்றிலிருந்து நான் பொங்கல் முடிந்த கையோடு படிவத்தை அனுப்பிவிடுவேன். இப்போது இணைய வாடகைத் தளங்களே திணைக்களத்துக்கு விவரம் கொடுக்கின்றன, ஒளிக்க இடமில்லை.

நாள் வாடகை என்றதும் மட்டக்களப்பில் எங்கள் அமிர்தகழி வீடுதான் ஞாபகம் வருகிறது. மாமாங்கக் கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து வண்டி கட்டி வருகிறவர்கள் எங்கள் விறாந்தையில் பாய் விரித்துப் படுப்பார்கள். அம்மா விடிய எழும்பிப் பிட்டு அவிப்பா. காசு என்று யாரும் வாய் திறந்ததில்லை. அடுத்த வருடம் வரும்போது வண்டியில் வைக்கோலுக்குள் ஒரு சட்டி எருமைத் தயிர் இருக்கும்.