கூகுள் பிளஸ் ஏன் தோற்றது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2025 செப்டம்பரில் ஸோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ என்ற செய்திச் செயலியைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் குடும்பக் குழுவை வாட்ஸப்பிலிருந்து அங்கே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். முன்னின்று செய்தவன் நான்தான். சித்தப்பாக்கள், அத்தைகள், வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் என்று பெரும்பாலானவர்கள் சேர்ந்துவிட்டார்கள். தீபாவளி வாழ்த்துகளை அங்கேதான் பரிமாறிக்கொண்டோம். பொங்கலுக்குள் எல்லோரும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். இப்போது பெரியப்பா மட்டும் அங்கே தினமும் ஒரு காலை வணக்கப் படம் போடுகிறார். நான் ஒருவன் அதற்குக் கைகூப்புகிறேன். செயலியைப் பற்றி யாரைக் கேட்டாலும் ‘நல்லாத்தான் இருக்கு’ என்கிறார்கள். ஃபேஸ்புக்குக்குப் போட்டியாகக் கூகுள் தொடங்கி மூடிய கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்துக்கும் இதே கதிதான் நேர்ந்தது என்கிறார் என் நண்பர். அத்தனை பணமும் ஆளும் உள்ள கூகுளாலேயே முடியவில்லை என்றால், வேரூன்றிவிட்ட ஒரு வலைத்தளத்தோடு புதிதாக வருகிற ஒன்று போட்டியிடவே முடியாதா? தரம் இருந்தால் மக்கள் வருவார்கள் என்று நான் நம்பியது தவறா?

அன்புடன்,
ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

போட்டியிட முடியும், அப்படி வந்து வென்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தரத்தை மட்டும் நம்பி வென்றவர் என்று ஒருவரையும் என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் நண்பர் சுட்டிய கூகுள் பிளஸிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு வலைத்தளம் வெல்வதற்குத் தேவை என்று நாம் பொதுவாக நினைக்கும் எல்லாமே அதனிடம் இருந்தன.

2011 ஜூன் 28 அன்று, அழைப்புப் பெற்றவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு அது திறக்கப்பட்டது. அப்போது ஃபேஸ்புக்கில் ஏறத்தாழ 75 கோடிப் பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் கூகுளின் தலைமைப் பொறுப்பை மீண்டும் ஏற்றிருந்த லாரி பேஜ், ஊழியர்களின் ஊக்கத்தொகையில் ஒரு பகுதியையே சமூக வலைத்தள முயற்சியின் வெற்றியோடு முடிச்சுப் போட்டிருந்தார். கூகுளின் மூத்த அதிகாரி விக் குண்டோத்ராவின் தலைமையில் வெளிவந்த அந்தத் தளம் எந்த வகையிலும் அரைகுறையான தயாரிப்பு அல்ல. அதன் ‘வட்டங்கள்’ என்ற ஏற்பாடு உங்களுக்கு நினைவிருக்கலாம். திரையின் மேற்பகுதியில் அறிந்தவர்களின் முகங்கள் சிறு கட்டங்களாக வரிசையாக இருக்கும். கீழே குடும்பம், நண்பர்கள், அறிமுகமானவர்கள் என்று வட்டங்கள் காத்திருக்கும். ஒரு முகத்தை இழுத்து வட்டத்துக்குள் விட்டால் போய் ஒட்டிக்கொள்ளும். வேண்டாத வட்டத்தை நீக்கினால் அது திரையின் ஓரத்துக்கு உருண்டோடி மறைந்துவிடும். மேலாளருக்குக் காட்டுவதை மாமியாருக்கும் காட்டியாக வேண்டியதில்லை என்பதை இத்தனை எளிதாக அன்று ஃபேஸ்புக்கில் செய்ய முடியாது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் முகம் பார்த்துப் பேசும் ஹேங்கவுட்ஸ் வசதியும் தொடக்கத்திலேயே இருந்தது. ஒரு வாரம் கழித்து ஸ்கைப்போடு சேர்ந்து ஃபேஸ்புக் அறிவித்த காணொளி அழைப்பில் இருவர் மட்டுமே பேச முடிந்தது.

இரண்டு வாரங்களில் ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். அந்தத் தொடக்க வாரங்களில் அங்கே மிக அதிகமானவர்கள் பின்தொடர்ந்த கணக்கு யாருடையது தெரியுமா? ஃபேஸ்புக்கின் மார்க் ஸக்கர்பெர்க்குடையது. போட்டியாளரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் அங்கேயும் பழைய வீட்டுக்காரரைத்தான் தேடினார்கள் என்பதை அன்று வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம். செப்டம்பரில் ஃபேஸ்புக் தன் நண்பர் பட்டியல்களைத் திருத்தியமைத்து வட்டங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது. வசதிகளில் கிடைக்கும் முன்னிலை அவ்வளவு காலம்தான் நிலைக்கும். வட்டங்களைப் பார்த்துச் செய்ய ஃபேஸ்புக்குக்கு மூன்று மாதம் போதுமானதாக இருந்தது. ஃபேஸ்புக்கில் கூடியிருந்த ஒருவரது கல்லூரி வகுப்பைத் தன் பக்கம் கொண்டுவரக் கூகுளுக்கு எட்டாண்டுகள் போதவில்லை.

இங்கேதான் உங்கள் குடும்பக் குழுவின் கதை வருகிறது. வலைத்தளத்தில் கணக்குத் தொடங்குவது தனிமனிதர். அங்கே தங்குவதா கிளம்புவதா என்பதைத் தீர்மானிப்பது அவர் சார்ந்த கூட்டம். முப்பது பேர் கொண்ட ஒரு குடும்பத்தில் இருபத்தெட்டுப் பேர் வந்துவிட்டாலும், வராத இருவரில் ஒருவர் மூத்த அத்தையாக இருந்துவிட்டால் பழைய குழுவைக் கலைக்க முடியாது. இரண்டு குழுக்களும் சில நாட்கள் ஒன்றாக ஓடும். பிறகு ஒருநாள் யாரையாவது மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வரும், அல்லது நிச்சயதார்த்தத் தேதி மாறும். அப்படிப்பட்ட செய்தியை, எல்லோரும் இருப்பார்கள் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில்தான் எவரும் முதலில் போடுவார்கள். அந்த ஒரு செய்தியோடு புதிய குழு வாழ்த்துப் படங்களுக்கான இடமாகிவிடுகிறது, வாழ்த்துப் படங்களுக்காக மட்டும் ஒரு செயலியைத் திறந்து பார்ப்பவர்கள் அதிகம் இல்லை. தீபாவளி வாழ்த்து எங்கே பரிமாறப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் பிறகு வீட்டில் நடந்த முதல் முக்கியமான விஷயம் எந்தக் குழுவில் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் அத்தை உங்கள் குடும்பக் குழுவில் மட்டும் இல்லை. குடியிருப்போர் சங்கம், பேரனின் பள்ளி, தையல்காரர், கோயில் திருப்பணிக் குழு என்று அவருக்குப் பத்துக் குழுக்கள் உண்டு. நீங்கள் ஒன்றை நகர்த்தினாலும் மற்ற ஒன்பதும் அவரை அங்கேயே பிடித்து வைத்திருக்கும்.

கூகுள் இதைப் புரிந்துகொண்டதா என்று எனக்குச் சந்தேகம். ஆட்கள் வராததுதான் குறை என்று நினைத்து ஆட்களைக் கட்டாயமாகக் கொண்டுவந்து நிறுத்தும் வழியை அது தேர்ந்தெடுத்தது. 2012 தொடக்கத்திலிருந்து புதிதாகக் கூகுள் கணக்குத் தொடங்கியவர்களுக்கு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் கூகுள் பிளஸ் பக்கமும் சேர்ந்தே வந்தது. 2013 நவம்பரில் யூடியூபில் கருத்துச் சொல்லக்கூட அந்தக் கணக்கு வேண்டும் என்றானபோது, யூடியூபை நிறுவியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீமே, ஒரு காணொளிக்குக் கருத்துச் சொல்ல எனக்கு எதற்குக் கூகுள் பிளஸ் கணக்கு என்று வசவோடு கேட்டுத் தன் பக்கத்தில் எழுதினார். அதற்கு முந்தைய மாதம்தான் கூகுள் 54 கோடிப் பேர் தன் வலைத்தளத்தோடு தொடர்புடைய வசதிகளை மாதந்தோறும் பயன்படுத்துவதாக அறிவித்திருந்தது. 2018 அக்டோபரில், ஐந்து லட்சம் கணக்குகளின் விவரங்கள் வரை வெளியே தெரிந்திருக்கக்கூடிய ஒரு பிழையை ஒப்புக்கொண்டு, பொதுமக்களுக்கான சேவையை மூடப்போவதாகச் சொன்னபோது, அதே நிறுவனம் இன்னொரு புள்ளிவிவரத்தையும் வெளியிட்டது: கூகுள் பிளஸுக்கு வருகிறவர்களின் வருகைகளில் 90 சதவீதம் ஐந்து வினாடிக்கும் குறைவானவை. 2019 ஏப்ரல் 2 அன்று அது மூடப்பட்டது.

அப்படியானால் வென்றவர்கள் எப்படி வென்றார்கள்? ஃபேஸ்புக்கே 2004 பிப்ரவரியில் ஒரு புதிய வலைத்தளம்தான். அன்று அமெரிக்காவில் ஃப்ரெண்ட்ஸ்டர் என்ற சமூக வலைத்தளம் இருந்தது. மைஸ்பேஸ் என்ற இன்னொன்று வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது, அடுத்த ஆண்டே ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் அதை 58 கோடி டாலருக்கு வாங்கியது. ஃபேஸ்புக் மைஸ்பேஸின் கூட்டத்தை அழைக்கவே இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் முகவரி இருந்தால்தான் உள்ளே வர முடியும் என்று வாசலைச் சுருக்கிக்கொண்டது. அதனால் வந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஒருவர் உள்ளே நுழைந்ததும் விடுதி அறைத்தோழர், எதிர்வரிசையில் உட்காரும் பெண், ஆய்வகத்தில் கூட வேலை செய்கிறவர் என்று அன்றாடம் பார்க்கிற எல்லோரும் அங்கே இருந்தார்கள். அந்த வட்டம் நிரம்பிய பிறகு கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு, யேல் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமாகத் திறந்து, 2006 செப்டம்பரில்தான் எல்லோருக்கும் என்று ஆனது. கூகுள் பிளஸ் இதைத் தலைகீழாகச் செய்தது: சில வாரங்களில் உலகம் முழுவதிலும் இருந்து கோடிப் பேர், ஒவ்வொருவரின் வட்டமும் பாதி காலி.

இந்தியாவில் ஆர்குட் என்ற பழைய சமூக வலைத்தளத்தை விட்டு எல்லோரும் ஃபேஸ்புக்குக்குப் போகவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். போனோம், 2010 நடுவிலேயே இங்கே ஃபேஸ்புக் முந்திவிட்டது. (ஆர்குட்டும் கூகுளுடையதுதான். இந்தியாவிலும் பிரேசிலிலும் கையில் இருந்த ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டே அதே நிறுவனம் பக்கத்தில் இன்னொரு வலைத்தளத்தைத் திறந்ததை எப்படி விளங்கிக்கொள்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.) ஆனால் அன்று இந்தியாவில் ஆர்குட்டின் கூட்டம் ஏறத்தாழ 2 கோடி. பிற்காலத்தில் ஃபேஸ்புக்கில் இருந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் அன்று இணையத்துக்கே வந்திருக்கவில்லை. ஃபேஸ்புக் அவர்களை எங்கிருந்தும் இடம்பெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு அதுவே முதல் இடம். இன்றைய நிலை வேறு. 2021 பிப்ரவரியில் மத்திய அரசே சொன்ன கணக்கின்படி இந்தியாவில் வாட்ஸப் பயன்படுத்துகிறவர்கள் 53 கோடி. ஆள் இல்லாத நிலம் இனி அதிகம் இல்லை. வருகிறவர் யாராக இருந்தாலும் குடியிருப்பவரைக் கிளப்பித்தான் ஆக வேண்டும்.

த்ரெட்ஸை இதற்கு மாறான சான்றாக யாராவது காட்டக்கூடும். 2023 ஜூலையில் ட்விட்டருக்குப் போட்டியாக வந்த அந்தத் தளம் ஐந்தே நாட்களில் 10 கோடிப் பேரைச் சேர்த்தது. பின்னர் தளர்ந்தாலும் எழுந்துகொண்டது, 2025இல் மாதம் 40 கோடிப் பேர் என்ற அளவைத் தொட்டது. அதை நடத்தும் மெட்டா (ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும் அதனுடையவைதான்) தன் இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே ஒருவரையொருவர் பின்தொடர்ந்துகொண்டிருந்தவர்களை அந்த உறவோடு அப்படியே கொண்டுவந்தது. கூகுளிடமும் ஜிமெயில் முகவரிகள் இருந்தன. ஆனால் வங்கி, ரயில் சீட்டு, அலுவலகம், வீட்டு உரிமையாளர் என்று நிறைந்த ஒரு பட்டியல் நட்பு வட்டம் ஆகாது. அதோடு, த்ரெட்ஸும் ட்விட்டரும் (இன்றைய எக்ஸ்) மேடை போன்றவை. அங்கே நமக்குப் பிடித்த சிலர் பேசினால் போதும், அத்தை வந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டியதில்லை. அதனால் அந்த வகையில் புதியவர் நுழைவது சற்றே எளிது. எளிது என்றாலும் உறுதியில்லை: 2021இல் ட்விட்டரோடு மத்திய அரசுக்கு ஏற்பட்ட பூசலின்போது அமைச்சர்களே போய்ச் சேர்ந்த, ட்விட்டரைப் போன்ற இந்தியச் செயலியான கூ, 2024 ஜூலையில் மூடப்பட்டது. ஒரு வலைத்தளத்தின் மேல் உள்ள கோபம் இன்னொன்றைத் தரவிறக்க வைக்கும். கோபம் தணிந்த பின் அங்கே தங்குவதற்கு வேறு காரணம் வேண்டும்.

அரட்டைக்கும் வந்தது அத்தகைய ஓர் அலைதான். 2021இல் தொடங்கப்பட்ட அந்தச் செயலியை 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர்கள் பரிந்துரைக்க, ஒரு நாளைக்கு 3,000 ஆக இருந்த புதிய சேர்க்கை மூன்றே நாட்களில் 3.5 லட்சமானதாக ஸோஹோவை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். குறைந்த நினைவகம் உள்ள பழைய கைபேசியிலும் ஓடும் நல்ல செயலி அது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் அறிய முடியாதபடி காக்கும் முழு மறையாக்கம் அன்று அதில் அழைப்புகளுக்கு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை என்பது உண்மையான குறை. ஆனால் உங்கள் அத்தை மறையாக்கத்தைப் பார்த்துத் திரும்பிப் போகவில்லை. 3.5 லட்சம் பேர் நாடு முழுவதும் சிதறி வந்து சேர்வதைவிட, ஓர் ஊரின் ஒரு பனியன் கம்பெனியில் முதலாளி முதல் செக்கிங் பெண்கள் வரை முந்நூறு பேர் ஒட்டுமொத்தமாக வந்து, அன்றைய ஷிப்டும் சரக்கு விவரமும் அங்கே மட்டுமே கிடைக்கும் என்று ஆவது அந்தச் செயலிக்கு அதிக நாள் கைகொடுக்கும் என்பது என் எண்ணம். நீங்களும் குடும்பக் குழுவை நகர்த்த முயல வேண்டாம். வாட்ஸப்பில் இதுவரை இல்லாத ஒரு குழுவை, உங்கள் தெருவின் குடிநீர் முறையைச் சொல்வதற்கோ வேறெதற்கோ, அங்கே புதிதாகத் தொடங்கிப் பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, அதையும் வேம்புவே 2025 செப்டம்பர் இறுதியில் சொல்லியிருந்தார்: யுபிஐ போல, மின்னஞ்சல் போல, ஒரு செயலியில் இருப்பவர் வேறு செயலியில் இருப்பவருக்குச் செய்தி அனுப்ப முடிய வேண்டும் என்பது. போன்பேயில் இருக்கும் நீங்கள் கூகுள் பேயில் இருக்கும் கடைக்காரருக்குப் பணம் அனுப்புகிறீர்கள். அவர் எந்தச் செயலியில் இருக்கிறார் என்பது உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. செய்திக்கும் அப்படி ஆகிவிட்டால் அத்தை இருந்த இடத்திலேயே இருக்கலாம், நீங்கள் விரும்பிய இடத்துக்குப் போகலாம். அப்போதுதான் தரம் உண்மையிலேயே போட்டிக்கு வரும், உங்கள் நம்பிக்கையும் பலிக்கும். யுபிஐயில் அதைச் சாத்தியமாக்கியது தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் என்ற பொது அமைப்பு வகுத்த விதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணியல் சந்தைச் சட்டம், 2024 மார்ச்சிலிருந்து, மற்றச் செயலிகள் கேட்டால் வாட்ஸப் தன் கதவைத் திறந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லாத நிலையில் வேம்புவின் யோசனை வாட்ஸப்பின் சம்மதத்தை எதிர்பார்த்து நிற்கிறது. 53 கோடிப் பேரைக் கையில் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் தானாக அதற்குச் சம்மதிக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்