இரட்டைக் கரு முட்டை: கர்ப்பிணி சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு இது ஐந்தாம் மாதம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ட்ரே பெரிய முட்டை வாங்கினோம். இதுவரை உடைத்ததில் நான்கு முட்டையில் இரண்டு மஞ்சள் கரு. "இதைச் சாப்பிட்டால் இரட்டைப் பிள்ளை பிறக்கும், தொடாதே" என்கிறார் மாமியார். "கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மீதியைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வேண்டாம் அம்மா, தூக்கிப் போடாதீர்கள். நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

கோழியின் சினைப்பையில் மஞ்சள் கருக்கள் சிறிதும் பெரிதுமாக வளர்ந்துகொண்டே இருக்கும். முற்றியது ஒன்று மட்டும் கழன்று முட்டைக்குழாயில் இறங்கும். சுமார் மூன்று மணி நேரத்தில் வெள்ளைக் கரு அதைச் சுற்றிக்கொள்ளும், அப்புறம் சவ்வு, கடைசியில் ஓடு. ஓடு கட்டுவதற்கே ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அந்த முட்டையை இட்ட பிறகுதான் வழக்கமாக அடுத்த கரு இறங்கும்.

பிறந்து 18, 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும் இளங்கோழிகளுக்கு இந்த ஒழுங்கு எடுத்தவுடன் அமைவதில்லை. சில நாள் இரண்டு கரு ஒன்றாக முற்றி அடுத்தடுத்து இறங்கிவிடும். இரண்டையும் சேர்த்து ஒரே ஓடு மூடிவிடும். வயது கூடக் கூட இது குறைந்துவிடும். தீவனம் மிஞ்சி எடை கூடிய கோழியும் இப்படி இடலாம், பரம்பரையாகவும் வரலாம். ஊசியே பார்க்காத வீட்டுக் கோழியும் இரட்டைக் கரு இடும். இது அதன் உடம்பில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன்களின் வேலை.

ஒரே ட்ரேயில் நான்கு வந்ததற்கும் காரணம் உண்டு. பண்ணையில் ஒரு கொட்டகைக் கோழிகள் பெரும்பாலும் ஒரே வயது. அவை இடும் இரட்டைக் கரு முட்டைகள் எடை அதிகம் என்பதால், தரம் பிரிக்கும்போது பெரிய முட்டைகளோடு சேர்ந்துவிடும்.

இரட்டை வாழைப்பழத்தைப் பற்றியும் நம் வீடுகளில் இதையே சொல்வார்கள். இரட்டைக் குழந்தை என்பது கரு உருவாகும்போதோ அடுத்த சில நாட்களிலோ முடிவாகிவிடுகிற விஷயம். தாயிடமிருந்து ஒரே மாதத்தில் இரண்டு கருமுட்டை வெளிவந்து இரண்டும் கருவுற வேண்டும், அல்லது உருவான ஒரே கரு இரண்டாகப் பிரிய வேண்டும். ஐந்தாம் மாதத்தில் எதைச் சாப்பிட்டாலும் எண்ணிக்கை மாறாது. உங்கள் ஸ்கேனில் ஒரு குழந்தை என்றால் ஒன்றுதான். ஸ்கேன் ரிப்போர்ட்டை மாமியாருக்கும் காட்டுங்கள்; உங்கள் மேல் உள்ள அக்கறையில்தானே சொல்கிறார்.

நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. ஆஃப் பாயில், கலக்கி, பச்சை முட்டை கலந்த மயோனைஸ் இவை பிரசவம் வரை வேண்டாம். எந்த முட்டையிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கர்ப்பிணிக்கு வாந்தி, பேதி, காய்ச்சல் வந்தால் உடம்பு சீக்கிரம் தளர்ந்துவிடும். வெள்ளை, மஞ்சள் இரண்டும் கெட்டியாகும்வரை வேகட்டும். ஓடு கீறியிருந்தால் அந்த முட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

மஞ்சள் கருவை மட்டும் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான கோலின் சத்து அதில்தான் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோயோ ரத்தக் கொழுப்போ இருந்தால், அவர்கள் மட்டும் ஒரு இரட்டைக் கரு முட்டையை இரண்டு முட்டையாகக் கணக்கு வைத்துக்கொள்ளட்டும்.