முதல் கதிரையில ஏஸ்-ஜாக்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சனிக்கிழமைகளில ஒரு ஃபிரெண்டின்ர ஃபிளாட்டில ஒன்பது பேர் சேர்ந்து சின்ன போக்கர் டூர்னமென்ட் விளையாடுறனாங்க. போன கிழமை பிளைண்ட் (காட் பாக்க முதலே ரெண்டு பேர் கட்டாயமாப் போடுற சிப்ஸ், பெரிசு பிக் பிளைண்ட்) 400-800, என்னட்ட 24,000 சிப்ஸ். பிக் பிளைண்டுக்கு அடுத்த கதிரை, அதால நான்தான் முதல் கதைக்கோணும். ஏஸ்-ஜாக் வந்திச்சு, வேற வேற சூட் (ஸ்பேட், ஹார்ட் மாதிரி இனம்). 2,000க்கு ரெய்ஸ் பண்ண (ஏத்த), பட்டனில (பிளைண்ட் ரெண்டுக்கும் முதல் கதிரை, அடுத்த சுற்றுகளில கடைசியாக் கதைக்கிறது) இருந்தவர் 6,000 ஆக்கினார், நான் கோல் பண்ணினன், அந்தளவுக்கு நானும் போட்டன். ஃபுளொப்பில (நடுவில எல்லாருக்கும் பொதுவா விரிக்கிற முதல் மூண்டு காட்) ஏஸ், எட்டு, மூண்டு விழுந்திச்சு, எல்லாத்தையும் போட்டன், அவர் ஏஸ்-கிங் காட்டினார். இது என்ர கெட்ட காலமோ, பிழையோ?
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: தம்பி, பிழைதான். கெட்ட காலம் எண்டு சொல்லி உங்களை ஆறுதல்படுத்த மனமில்லை, ஏனெண்டா அப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் நான் கன வருஷம் இதையே செய்துகொண்டிருந்தனான். ஆனா ஏஸ் விழுந்தபிறகு நீங்க போட்டதைக் குறை சொல்ல மாட்டன், அந்த ஏஸைக் கண்டுபோட்டு ஆர்தான் விடுவினம். பிழை அதுக்கு முதலே நடந்து முடிஞ்சுது.

எங்கட ஆக்களுக்கு இந்தக் கையை விடுறது கூடக் கஷ்டம். சின்ன வயசில இருந்தே 304 எண்ட காட் விளையாட்டு விளையாடின கை எல்லோ. அதில ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, கிங்குக்கு வெறும் 3. ஜாக்கும் ஏஸும் சேர்ந்து வந்தா மனம் தன்பாட்டில துள்ளும். போக்கரில அந்த ஜாக் ஏஸுக்குத் துணையா நிக்கிற காட் மட்டும்தான், மற்றவரிட்டையும் ஏஸ் இருந்து பக்கத்தில கிங்கோ குயினோ நிண்டா உங்கட கதை முடிஞ்சுது.

கணக்கைப் பாருங்க. உங்கட ரெண்டு காட்டும் போக மிச்சம் 50, அதில ரெண்டு ரெண்டா 1,225 விதமான கை வரலாம். ஏஸ் சோடி 3, கிங் சோடி 6, குயின் சோடி 6, ஜாக் சோடி 3, ஏஸ்-கிங் 12, ஏஸ்-குயின் 12, மொத்தம் 42 கை உங்களை நல்லா அமத்தி வச்சிருக்கும். ஒராளை மட்டும் பாத்தா அது நூற்றுக்கு மூண்டரைகூட வராது, பயப்பிட ஒண்டுமில்லை. ஆனா உங்களுக்குப் பின்னால இன்னும் எட்டுப் பேர் கதைக்க இருக்கினம், எட்டுப் பேரில ஒராளிட்டையாவது இதில ஒண்டு இருக்கிற வாய்ப்பு நூற்றுக்கு 24 வரை போகுது. அதே ஏஸ்-ஜாக் உங்களுக்குப் பட்டனில வந்து, முன்னுக்கு எல்லாரும் கையை விட்டுட்டுப் போயிருந்தா, மிச்சம் ரெண்டு பேர்தான், வாய்ப்பு 7க்குக் கீழ. காட் மாறேல்லை, கதிரைதான் மாறினது.

இனி அந்த 6,000. எட்டுப் பேர் பின்னால இருக்கேக்க ஒருத்தன் ரெய்ஸ் பண்ணினா அவனிட்ட நல்ல கை இருக்கோணும் எண்டு பட்டனில இருந்தவருக்கும் தெரியும். தெரிஞ்சும் திருப்பி ஏத்துறார் எண்டா அதை விடப் பெரிய கை இருக்கெண்டுதான் எடுக்கோணும், வெருட்டிப் பாக்கிறதுக்கு ஆக்கள் அந்த இடத்தைத் தேடுறது குறைவு. நீங்க கோல் பண்ணின உடன நடுவில 13,200 சேர்ந்திட்டுது, கையில மிச்சம் 18,000, பிறகு வாற ஒவ்வொரு சுற்றிலயும் நீங்க முதல் கதைக்க அவர் பாத்து முடிவெடுப்பார். ஏஸ்-கிங்குக்கு எதிரா ஃபுளொப்புக்கு முன்னமே உங்களுக்கு நாலில ஒரு பங்குதான் வாய்ப்பு, ஏஸ் விழுந்தபிறகு அநேகமா மூண்டே மூண்டு ஜாக்தான் காப்பாத்தும். ஏஸ் விழாட்டி நீங்க ஒண்டும் போடாம செக் பண்ணிட்டு விட்டிருப்பீங்க, 6,000ஓட போயிருக்கும். விழுந்ததாலதான் முழுதும் போச்சுது, இந்தக் கையின்ர ஆபத்தே அதுதான்.

அதால முதல் ரெண்டு மூண்டு கதிரையில வேற வேற சூட் ஏஸ்-ஜாக், ஏஸ்-பத்து, கிங்-குயின் வந்தா பேசாம கீழ வையுங்க. ஒரே சூட் ஏஸ்-ஜாக் எண்டா ரெய்ஸ் பண்ணலாம், திருப்பி ஏத்தினா அநேகமா விட்டிடுங்க, போன 2,000 போகட்டும். டூர்னமென்டில சிப்ஸை ரெட்டிப்பாக்கினா பரிசுக்காசில உங்கட பங்கு ரெட்டிப்பாகாது, ஆனா சிப்ஸ் முடிஞ்சா எழும்பி வீட்டை போகோணும். பம்பலப்பிட்டியில அனெக்ஸில இருந்த காலத்தில ஒரு சீ.ஆர். கொப்பியில கையையும் கதிரையையும் எழுதி வச்சனான், ஒரு மாசத்தால புரட்டிப் பாக்க தோத்ததெண்டு சிவப்புப் பேனையால கோடு போட்டதெல்லாம் முன் கதிரைகளிலயே கிடந்தது. நீங்களும் எழுதிப் பாருங்க.

கேள்வி: முதல் கதிரையில சின்னச் சோடி, நாலு-நாலு மாதிரி வந்தா? என்னட்ட 20 பிளைண்ட் (பிக் பிளைண்டைப்போல 20 மடங்கு சிப்ஸ்) இருக்கு.
- தெஹிவளை வாசகி

பதில்: விடுங்க அக்கா. ஃபுளொப்பில மூண்டாவது நாலு வாறது எட்டரைத் தரத்துக்கு ஒருக்கா. அது வந்தாலும் போட்ட காசுக்கு ஈடா எடுக்க 20 பிளைண்ட் காணாது.

கேள்வி: 9 பிளைண்ட்தான் மிச்சம், அப்பவும் ஏஸ்-ஜாக்கை விடவோ?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: இல்லை, அப்ப கதையே வேற. அடுத்த கை நீங்கதான் பிக் பிளைண்ட், காத்திருக்கக் காத்திருக்க சிப்ஸ் கரையும். கோல் பண்ணிப் பாக்கிற வேலை வேண்டாம், இருக்கிற எல்லாத்தையும் ஒரேயடியா ஓல்-இன் போடுங்க. ஏஸ்-பத்தோ, எட்டு-எட்டுச் சோடியோ வந்தவையே யோசிப்பினம், கன பேர் விட்டுட்டுப் போவினம், பிளைண்ட் உங்களுக்கு வரும்.