எம்.எஸ். எல்லா இனத்துக்கும் ஒரே மாதிரி வருமா? கேட்டதுக்கெல்லாம் பதில்

அமெரிக்காவுல நியூரோ கிளினிக் ஒண்ணுல 11 வருஷமா நர்ஸா இருக்கேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்போட உறையத் தாக்குற வியாதி, அதப் பத்தி நீங்க கேட்டது எல்லாத்துக்கும் இங்கயே பதில் சொல்லிடறேன்.

கேள்வி: அக்கா, இது வெள்ளைக்காரங்களுக்கு வர்ற வியாதினுதானே படிச்சோம்?

நானும் அப்படித்தாம்மா படிச்சேன், தப்பு. தெற்கு கலிஃபோர்னியாவுல கைசர் பெர்மனென்டேங்கிற பெரிய மருத்துவக் காப்பீட்டு, மருத்துவமனை அமைப்போட உறுப்பினர்கள வச்சு 2013ல ஒரு ஆய்வு வந்துச்சு, வருஷத்துக்கு லட்சம் பேர்ல புதுசா எம்.எஸ். வந்தவங்க கறுப்பினத்தவர்ல 10.2, வெள்ளையர்ல 6.9, ஹிஸ்பானிக்ல (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) 2.9, ஆசியர்ல 1.4. அதுலயும் கறுப்பினப் பெண்களுக்குத்தான் கூடுதல், ஆண்கள்ல அந்த வித்தியாசம் தெரியல.

கேள்வி: வந்தா பாதிப்பும் கூடவா?

ஆமா, என் மனச அரிக்கிறதே இதுதான். 2004ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, நோய் ஆரம்பிச்சு கைத்தடி பிடிக்கிற நிலைமைக்கு வர வெள்ளையருக்கு சராசரியா 22 வருஷம், கறுப்பினத்தவருக்கு 16தான்.

நாங்க 25 அடி தூரம் நடக்க வச்சு ஸ்டாப்வாட்ச்ல நேரம் பார்ப்போம். ஒரு கறுப்பினப் பொண்ணு வந்துச்சு, 30 வயசுகூட ஆகல, வலது பாதத்தத் தூக்க முடியாம தரையில இழுத்துக்கிட்டே நடக்குது, அந்த ஒரு ஷூவோட நுனி மட்டும் தேஞ்சு நூலு தெரியுது. கால் மரத்துப்போகுதுனு 2 வருஷமா சொல்லியிருக்கு, முன்னாடி பார்த்த இடத்துல வேலை அலுப்பு, எடையக் குறைனு அனுப்பிட்டாங்களாம், எம்ஆர்ஐ ஒண்ணு எடுத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். செத்துப்போன நரம்ப எந்த மருந்தும் திருப்பித் தராது.

கேள்வி: அப்ப எல்லாம் ஜீன்தானா?

ஜீனுக்குப் பங்கு இருக்கு தம்பி, அதோட முடிச்சிடாதீங்க. இன்சூரன்ஸ் இல்லாதது, நியூரோ டாக்டர் கிட்டத்துல இல்லாதது, சொன்னத நம்பாதது, இதெல்லாம் சேர்ந்து சிகிச்சையத் தள்ளிப்போடுது.

கேள்வி: ஆசியர்களுக்குக் குறைவுனா கவலையில்லைல?

அப்படி விட்றாதீங்க. நோயால கண் நரம்பும் தண்டுவடமும் பலமா பாதிச்சிருந்தா அக்வாபோரின்-4 ஆன்டிபாடிங்கிற ரத்த டெஸ்ட் கட்டாயம் கேளுங்க. ஜப்பான்ல முன்னாடி எம்.எஸ்.ல ஒரு வகைனு நெனச்சதுல நிறைய பேருக்கு இருந்தது என்எம்ஓங்கிற (நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா) வேற நோய், கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குறது, 2004ல இந்த ஆன்டிபாடியக் கண்டுபிடிச்ச பிறகுதான் பிரிச்சுப் பார்க்க முடிஞ்சது. எம்.எஸ்.க்குக் குடுக்கற இன்டர்ஃபெரான் மருந்து என்எம்ஓ இருக்கறவங்களுக்கு நோயக் கூட்டிடும், அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

கேள்வி: மருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்குமா மேடம்?

மருந்த சோதிச்சுப் பார்க்கிற பெரிய டிரையல்கள்ல கறுப்பினத்தவர் ரொம்பக் கொஞ்சம், அதனாலதான் இந்தக் கேள்விக்கே சரியான பதில் இல்லாம இருந்துச்சு. 2017ல அனுமதி கிடைச்ச ஓக்ரலிசுமாப்ங்கிற எம்.எஸ். மருந்துக்கு கறுப்பின, ஹிஸ்பானிக் நோயாளிகள மட்டும் சேர்த்து சைம்ஸ்னு தனி டிரையலே பின்னாடி நடத்தினாங்க. உங்க சொந்தக்காரங்களுக்கு டாக்டர் ஆரம்பத்துலயே ஸ்ட்ராங்கான மருந்து எழுதினா பயந்து தள்ளிப்போடாதீங்க, ஏன்னு அவர்கிட்டயே கேட்டுட்டு சீக்கிரம் ஆரம்பிங்க.