‘ஒய்’ தட்டுவதற்கு முன்: டெர்மினலில் பேக்கேஜ் பற்றிய கேள்வி பதில்

வந்த கேள்விகளில் முக்கால்வாசி டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் பற்றியவை. அதனால் அவற்றில் பேக்கேஜ்களை, அதாவது கட்டி வைத்த மென்பொருள்களை, நிறுவவும் நீக்கவும் உதவும் ஆப்ட்தான் அதிகம் வரும். மற்றவற்றை இடையிடையே தொட்டுக்கொள்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தினமும் ‘ஆப்ட் அப்டேட்’ போடுகிறேன். பிரவுசர் மட்டும் பழைய பதிப்பிலேயே நிற்கிறது. ஏன்?

அப்டேட் எதையும் நிறுவாது. களஞ்சியத்தில் (பேக்கேஜ்கள் இருக்கும் சர்வரில்) இன்று என்னென்ன பதிப்புகள் இருக்கின்றன என்ற பட்டியலை இறக்கி வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. நிறுவுவது ‘ஆப்ட் அப்கிரேடு’. அதைப் போட்டும் சில பேக்கேஜ்கள் ‘கெப்ட் பேக்’ என்று ஒதுங்கி நின்றால் பதறாதீர்கள். அவற்றைப் புதுப்பிக்க வேறு எதையாவது நீக்க வேண்டியிருக்கலாம். அப்கிரேடு எதையும் நீக்காது, ‘ஃபுல் அப்கிரேடு’தான் நீக்கும். உபுண்டுவில் இன்னொரு காரணமும் உண்டு: சில அப்டேட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். சில நாளில் தானாக வந்துவிடும்.

ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் ஆப்ட்டின் வேலையைச் செய்யும் டிஎன்எஃப்பில் அப்டேட், அப்கிரேடு இரண்டும் ஒன்றுதான். அங்கிருந்து இங்கே வருகிறவர்கள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: அண்ணா, எதை நிறுவப் போனாலும் ‘லாக் (பூட்டு) கிடைக்கவில்லை’ என்கிறது. அந்த லாக் ஃபைலை அழித்துவிடு என்று நண்பன் சொல்கிறான். செய்யலாமா?

வேண்டாம் தம்பி. அந்த ஃபைல் எப்போதுமே அங்கேதான் இருக்கும், யாரும் பயன்படுத்தாதபோதும். பூட்டு என்பது ஃபைல் அல்ல. ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அந்த ஃபைலைத் திறந்து கர்னலிடம் (சிஸ்டத்தின் மையப் பகுதியிடம்) கேட்டு வாங்கி வைத்திருக்கும் உரிமை. புராசஸ் செத்தால் பூட்டும் தானாகப் போய்விடும். ஆக, அழிக்க வேண்டிய அவசியம் ஒருபோதும் வராது. அழித்தால் என்ன ஆகும்? நீங்கள் ஓட்டும் ஆப்ட் புதிதாக ஒரு ஃபைலை உருவாக்கி அதைப் பூட்டிக்கொள்ளும். பழைய புராசஸ் பழைய ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டும், என்னென்ன நிறுவப்பட்டிருக்கின்றன என்று குறித்து வைக்கும் ஒரே பதிவேட்டில் ஒரே நேரத்தில் எழுதும்.

புதிய பதிப்புகளில் பூட்டை வைத்திருக்கும் புராசஸின் எண் பிழைச் செய்தியிலேயே வரும். ‘பிஎஸ்’ போட்டு அது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் பின்னணியில் ஓடும் தானியங்கி அப்டேட்தான். டீ குடித்துவிட்டு வாருங்கள், முடிந்திருக்கும். நடுவில் கரண்ட் போய் பாதியில் நின்றிருந்தால் முதலில் ‘டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’ (டிபிகேஜி என்பது ஆப்ட்டுக்குக் கீழே நிஜமாக நிறுவும் கருவி), அப்புறம் ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்’. இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

கேள்வி: சிஸ்டத்தோடு வந்த பைத்தான் பழசாக இருக்கிறது. அதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடலாமா?

இந்தக் கேள்விக்கு நான் சொந்தக் காசில் படித்தவன். உபுண்டுவுக்கு வந்த புதிதில் இதே யோசனையோடு ‘ஆப்ட் ரிமூவ் பைத்தான்3’ என்று தட்டினேன். திரையில் ஒரு நீளப் பட்டியல் ஓடியது. ‘பின்வரும் பேக்கேஜ்கள் நீக்கப்படும்’ என்ற வரிக்குக் கீழே இரண்டு விரல் உயரத்துக்குப் பெயர்கள். நடுவில் எங்கோ ‘உபுண்டு-டெஸ்க்டாப்’ இருந்தது. நான் கடைசி வரியை மட்டும் பார்த்தேன்: தொடரலாமா, ஒய் அல்லது என். ஒய் தட்டினேன். ரீபூட் செய்ததும் கறுப்புத் திரையில் லாகின் மட்டும்.

சிஸ்டத்தின் பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. அது போனால் அதைச் சார்ந்தவையும் கூடவே போகும். பாஷ் போன்றவற்றுக்கு ‘எசென்ஷியல்’ முத்திரை உண்டு. நீக்கப் போனால் ஆப்ட் பலமாக எச்சரிக்கும். பைத்தானுக்கு அந்த முத்திரை இல்லை, வழக்கமான ஒய்/என் கேள்வியோடு சரி.

என்னைக் காப்பாற்றியது ‘/வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்’. எந்த நேரத்தில் எந்தக் கட்டளை ஓடியது, என்னென்ன நீங்கின என்று அதில் வரிவரியாக இருந்தது. ‘ரிமூவ்’ வரியில் இருந்த பெயர்களை எடுத்து மறுபடி நிறுவினேன். ஒரு மாலை முழுவதும் போனது.

புதிய பைத்தான் வேண்டுமென்றால் பழையதன் பக்கத்திலேயே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எதை நீக்கும் முன்னும் ‘ஆப்ட் -எஸ் ரிமூவ்’ என்று ஓட்டினால் எதையும் தொடாமல் ஒத்திகை மட்டும் காட்டும். அதில் ‘ரெம்வ்’ (Remv, ரிமூவ் என்பதன் சுருக்கம்) என்று தொடங்கும் வரிகளைப் படியுங்கள். எதிர்பாராத ஒரு பெயர் கண்ணில் பட்டாலும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: டெபியன் 12-க்கு மாறியதும் பிப் (பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவி) எதையும் நிறுவ மறுக்கிறது.

2023-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து அப்படித்தான். சிஸ்டத்தின் பைத்தான் ஆப்ட்டின் பொறுப்பு, நீ கை வைக்காதே என்று பிப்பிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். புராஜெக்ட்டுக்கு ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (சிஸ்டத்தைத் தொடாத தனி பைத்தான் அடைவு) உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். தடையை மீற ஒரு தெரிவும் இருக்கிறது. ‘பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கேள்வி: ரிமூவ் செய்த பேக்கேஜ் ‘டிபிகேஜி -எல்’ பட்டியலில் ‘ஆர்சி’ என்று இன்னும் தெரிகிறதே?

நிரல் போய்விட்டது, செட்டிங்ஸ் ஃபைல்கள் மிச்சம் இருக்கின்றன. அதையும் துடைக்க ‘ஆப்ட் பர்ஜ்’. உங்கள் ஹோம் அடைவில் இருப்பதை பர்ஜும் தொடாது.

கேள்வி: ஒரு ஃபைல் எந்தப் பேக்கேஜிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

டெபியனில் ‘டிபிகேஜி -எஸ்’, பெரிய எழுத்து எஸ். ஃபெடோரா போன்ற ஆர்பிஎம் பக்கம் ‘ஆர்பிஎம் -கியூஎஃப்’, ஆர்ச் லினக்ஸில் ‘பேக்மேன் -கியூஓ’, ஃப்ரீபிஎஸ்டியில் ‘பிகேஜி விச்’. டெபியன் 12-இல் ஒரு குழப்பம் வரும்: ‘/யூஎஸ்ஆர்/பின்/எல்எஸ்’ என்று கேட்டால் தெரியாது என்னும், ‘/பின்/எல்எஸ்’ என்று கேட்டால் ‘கோர்யூடில்ஸ்’ என்று சொல்லும். இரண்டும் ஒரே ஃபைல்தான், பதிவேட்டில் பழைய பாதை எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: ஆர்ச்சில் ‘பேக்மேன் -எஸ்ஒய்’ போட்டு ஒரே ஒரு பேக்கேஜை மட்டும் நிறுவினேன். இப்போது வேறு நிரல்கள் திறக்கவில்லை.

பட்டியல் புதிது, சிஸ்டம் பழசு. புதிய பேக்கேஜ் புதிய லைப்ரரியை இழுத்து வந்திருக்கும், பழைய நிரல்கள் பழையதைத் தேடும். பாதி அப்கிரேடு ஆர்ச்சில் ஆதரிக்கப்படுவதில்லை. ‘பேக்மேன் -எஸ்ஒய்யூ’ போட்டு முழுவதையும் மேலே கொண்டுவாருங்கள்.

கேள்வி: அப்கிரேடு நடுவில் நின்று, கன்ஃபிக் (செட்டிங்ஸ்) ஃபைலை மாற்றட்டுமா என்று கேட்கிறது. என்ன சொல்வது?

நீங்கள் கைவைத்த ஃபைலுக்கு மட்டும்தான் அது கேட்கும். உடனே பதில் சொல்லாமல் ‘டி’ தட்டுங்கள், வித்தியாசம் திரையில் வரும். வெறுமனே என்டர் தட்டினால் உங்கள் ஃபைல் அப்படியே இருக்கும். பேக்கேஜின் புதிய ஃபைல் ‘டிபிகேஜி-டிஸ்ட்’ என்ற வாலோடு பக்கத்தில் உட்காரும். தொலைவில் இருக்கும் சர்வரில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் வழி) ஃபைலுக்கு இந்தக் கேள்வி வந்தால் என்டர்தான் என் பதில்.

கேள்வி: டிஸ்கில் இடம் இல்லை. எதை அழிக்கலாம்?

‘ஆப்ட் கிளீன்’ கொடுங்கள், இறக்கி வைத்த பேக்கேஜ் ஃபைல்கள் போகும். ‘ஆப்ட்-கெட்’ பழக்கம் உள்ளவர்களுக்கு அதில் நிறைய சேர்ந்திருக்கும். ‘ஆப்ட்’ நிறுவி முடித்ததும் தானே அழித்துவிடுகிறது. ‘/பூட்’ நிரம்பியிருந்தால் பழைய கர்னல்களை ‘ஆட்டோரிமூவ்’ எடுத்துவிடும். அதற்கும் ஒரு பட்டியல் வரும், படித்துவிட்டு ஒய்.