மூன்று பெரியவர்களுக்கு முன்னால் ஒரு நாற்காலி

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வு பெற்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியை. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில், கோயில் மண்டபத்தில், சனிக்கிழமை காலைகளில் ஐந்தாம் படிவம், ஆறாம் படிவம் படிக்கும் பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் சுற்றியுள்ள தோட்டங்களின் பிள்ளைகள். ஆசிரியர் கல்விக் கழகம், உபகாரச் சம்பளம், நேர்முகத் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் பல்கலைக்கழகப் படிப்புகள் என்று விண்ணப்பிக்கிறார்கள். போன தடவை ஆறு பேர் போனார்கள். ஒருத்திக்குத்தான் கிடைத்தது.

ஐம்பது கேள்விகளுக்குப் பதில் எழுதி அச்சடித்துக் கொடுத்திருந்தேன். எல்லாரும் நன்றாக மனப்பாடம் செய்திருந்தார்கள். ஒரு பெண் நடுவில் ஒரு சொல் மறந்துபோய், மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாளாம். ஒரு பையன் எதைக் கேட்டாலும் ‘யா, துவான்’ (ஆமாம், ஐயா) என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வகுப்பில் வாய் ஓயாதவன் அவன். ஆங்கிலம் போதவில்லையா? கூச்சமா? என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

ஓர் ஆசிரியை, பெஸ்தாரி ஜெயா

அன்புள்ள டீச்சர்,

கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த ஐம்பது பதில்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கேள்விகள் இருக்கட்டும். மனப்பாடமாக வேண்டியது நாட்டின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள், கல்வி அமைச்சரின் பெயர் மாதிரி சில விஷயங்கள்தான். அவற்றில் சொந்தச் சரக்கு எதுவும் தேவையில்லை. மற்ற பதில்களை நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது நீங்கள் எழுதும் தேர்வு. ஆறு பிள்ளைகளும் ஒரே குரலில் பேசுவதை அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டாவது பிள்ளையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனக்கு உங்கள் வாயாடிப் பையன்மேல்தான் கண். வகுப்பில் பேசுகிறவன் அங்கே ஏன் வாயை மூடிக்கொண்டான்? கூச்சம் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் கற்றுக்கொடுத்த மரியாதையை அவன் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறான். பெரியவர்கள் பேசினால் குறுக்கே பேசாதே, கண்ணைப் பார்த்துப் பேசாதே, உன்னைப் பற்றி நீயே பீற்றிக்கொள்ளாதே. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த எல்லாருக்கும் இது தெரியும். என் அப்பா தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் பேசும்போது தலை எங்கே இருக்கும், கை எங்கே இருக்கும் என்பது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. பதினேழு வருடம் இப்படி வளர்த்துவிட்டு, ஒருநாள் காலையில் மூன்று பெரியவர்களுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்கிறோம். அதாவது, இத்தனை நாள் திமிர் என்று சொன்னதைச் செய்யச் சொல்கிறோம். பிள்ளை என்ன செய்வான்?

அதனால் பயிற்சியை நீங்கள் தனியாகக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு உங்களைத் தெரியும், அதனால் அது பயிற்சியே ஆகாது. அவர்கள் இதுவரை பேசியிராத பெரியவர்களைக் கூப்பிடுங்கள். ஓய்வு பெற்ற மலாய்த் தலைமையாசிரியர் ஒருவர் பக்கத்துக் கிராமத்தில் இல்லாமலா இருப்பார்? மருந்துக்கடைக்காரர், கிளினிக்கில் வேலை செய்யும் மிஸ்ஸி, தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி, ஹார்ட்வேர் கடைச் சீனர். வாரம் மூன்று பேர் போதும். மேசைக்குப் பின்னால் உட்கார வையுங்கள். சிரிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு சனிக்கிழமை பிள்ளைகள் திணறுவார்கள், நீங்கள் குறுக்கே போய்க் காப்பாற்றக் கூடாது. நான்காவது வாரம் பாருங்கள்.

அப்புறம், என்ன பேசுவது என்ற விஷயம். இதில் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பள்ளி முடித்த வருடம் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்கு நேர்முகத் தேர்வு. அண்ணனின் சப்பாத்து, ஒரு நம்பர் பெரியது, முன்னால் பஞ்சு வைத்திருந்தேன். ‘அப்பா என்ன வேலை?’ என்று கேட்டார்கள். அப்பா பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவர். நான் ‘தோட்டத்தில் கிராணி’ என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. கேட்டவருக்குத் தோட்டம் தெரிந்திருந்தது. எத்தனை ஏக்கர், எத்தனை பேர் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வருகிறார்கள், செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) எப்படிப் போடுகிறார்கள் என்று சாதாரணமாக, விரோதமே இல்லாமல், கேட்டுக்கொண்டே போனார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பால்மரம் வெட்டுகிறார் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன். ஏன் விடியுமுன்னே போக வேண்டும், வெயில் ஏறினால் பால் ஏன் குறைகிறது, மழை நாளில் வீட்டுக் கணக்கு எப்படி இடிக்கிறது, எல்லாம் எனக்கு அத்துப்படி. தெரிந்ததை மறைத்துவிட்டுத் தெரியாததைப் பேசப் போனேன். வேலை கிடைக்கவில்லை.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் என்ன சொல்கிறார்கள்? ‘பெஸ்தாரி ஜெயா.’ ‘அது எங்கே?’ ‘கோலசிலாங்கூர் பக்கம்.’ அதோடு முடிந்தது. முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்தது என்பதைக்கூட வீட்டுப் பெரியவர்கள் சொன்னால்தான் தெரியும். இந்த நாட்டில் செம்பனையை (எண்ணெய்ப் பனையை) முதன்முதலில் வியாபாரத்துக்கென்று நட்டது உங்கள் ஊர்த் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல். (பெயரைக் கேட்டால் தென்னை, நட்டது செம்பனை.) நட்டவர் ஹென்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் விருதும் வாங்கினார். இன்று நாடு முழுக்கப் பரவிக் கிடக்கும் அந்த மரம் பிள்ளையின் வீட்டு வாசலிலிருந்து கிளம்பியிருக்கிறது. ‘எந்த ஊர்?’ என்று கேட்டவருக்கே தெரியாத ஒன்றைப் பிள்ளை சொன்னால், அதற்குப் பிறகு அந்த அறையின் காற்றே வேறு.

இதைவிட நல்ல சரக்கு வீட்டுக்குள் இருக்கும். சில வருடங்களுக்கு முன் வேறொரு தோட்டத்து ஊரில் ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தோம். உயிரியல் சார்ந்த படிப்புக்கு உபகாரச் சம்பளம் கேட்டிருந்தாள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால், ‘சிறு வயது முதல் எனக்கு அறிவியலில் ஆர்வம், நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்.’ சரி, வீட்டில் யார் யார் என்று பேச்சை மாற்றினேன். பாட்டி இருக்கிறார். பாட்டி என்ன வேலை செய்தார்? அவள் சிரித்துவிட்டாள். “பாட்டி செம்பனைப் பூவுக்குப் பவுடர் அடிச்சாங்க சார்.”

விளையாட்டில்லை. செம்பனையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆப்பிரிக்காவில் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்க அதற்கென்று ஒரு வண்டு இருக்கிறது, இங்கே அப்போது இல்லை. அதனால் தோட்டத்துப் பெண்கள் ஆண் பூவின் மகரந்தத்தைச் சேர்த்து, முகப்பவுடர் மாதிரித் தூளோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூக்களில் ஊதினார்கள். 1981-இல் கேமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பரவிய வேகத்தில் கையால் ஊதும் வேலை இல்லாமலே போய்விட்டது. “ஒரு வண்டு வந்து எங்க பாட்டி வேலைய எடுத்துக்கிச்சு” என்றாள் அந்தப் பெண். இதைத்தானம்மா நான் கேட்டேன் என்றேன். வண்டுக்கு மலாயில் கும்பாங் என்பது அவளுக்குத் தெரியும், மகரந்தச் சேர்க்கைக்கான சொல் பாடநூலிலேயே இருக்கிறது. அரை மணி நேரத்தில் மலாயில் சொல்லிவிட்டாள். மனப்பாடம் செய்யவில்லை, சொல் மறந்தாலும் நிற்கவில்லை. தன் பாட்டியின் கதையில் யாருக்கு வரி மறக்கும்?

கிடைத்ததா என்று கேட்பீர்கள். அந்த உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. அவள் ஆறாம் படிவம் போனாள். பிறகு பல்கலைக்கழக நேர்காணலுக்கு அதே பாட்டியைத்தான் மறுபடி கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இடம் கிடைத்தது.

நீங்களும் இதைச் செய்யுங்கள். ஒரு சனிக்கிழமை கேள்வி பதிலே வேண்டாம். வீட்டில் யார் என்ன வேலை செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். இன்னொரு சனிக்கிழமை, நீ வீட்டில் செய்யும் வேலை என்ன என்று கேளுங்கள். ‘ஒன்றுமில்லை டீச்சர்’ என்பார்கள். விடாதீர்கள். பாட்டியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்கிறவன் யார்? அம்மா கடைக்குப் போனால் தம்பி தங்கச்சிக்குச் சோறு ஆக்குகிறவள் யார்? தலைமைத்துவம் பற்றிக் கேட்டால் இந்தப் பிள்ளைகள் ‘வகுப்புத் தலைவனாக இருந்தேன்’ என்பார்கள். அதில் சொல்ல ஒன்றும் இருக்காது. கேட்பவர் கையில் புள்ளி போடும் தாள் இருக்கிறது, எழுதுவதற்கு அவருக்கு ஏதாவது வேண்டும். எங்கே நடந்தது, என்ன சிக்கல், நான் என்ன செய்தேன், கடைசியில் என்ன ஆனது. இந்த நாலும் இருந்தால் கிளினிக் கதை ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ‘நான் என்ன செய்தேன்’ என்ற இடத்தில் நம் பிள்ளைகள் ‘நாங்கள்’ என்று நழுவுவார்கள். அங்கே பிடித்து நிறுத்துங்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. வறுமையைச் சொல்லி இரக்கம் தேடப் பழக்கிவிடாதீர்கள். அப்பாவின் சம்பளம் விண்ணப்பத்திலேயே இருக்கிறது, அவர்கள் பார்த்திருப்பார்கள். அழுத பிள்ளைக்கு டிஷ்யூ கிடைக்கும்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரசாங்க நேர்காணல்களில் முதல் கவலை மலாய். அதுவும் பசார் மலாய், அதாவது கடைத்தெரு மலாய் பேசும் பழக்கம். நண்பர்களிடம் பேசும் ‘தியா ஓராங்’, ‘சாயா பூன்யா’ எல்லாம் பதற்றத்தில் தானாக வந்து விழும். அதைத்தான் உங்கள் மலாய்த் தலைமையாசிரியர் திருத்துவார். நடுவில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தால் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னால் போதும். தமிழ்மொழி ஆசிரியராகப் போகிறவர்கள் தமிழில் மூன்று நிமிடம் மலாய்ச் சொல் கலக்காமல் பேசிப் பார்க்கட்டும். சுலபம் என்று நினைப்பார்கள். நானே தோற்றேன். பதில் தெரியாவிட்டால் ‘மாஃப் துவான், சாயா கூராங் பாஸ்தி’ (மன்னிக்கவும் ஐயா, எனக்குச் சரியாகத் தெரியவில்லை) என்று சொல்லிவிட்டுக் கண்ணைப் பார்க்கலாம். மழுப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

உடை, சான்றிதழ் கோப்பு, அடையாள அட்டை எல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். சப்பாத்து அளவு சரியா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள்.

மூன்று பெரியவர்களில் ஒருவர் குறைந்தால் நான் வருகிறேன். எந்தச் சனிக்கிழமை என்று எழுதுங்கள். நான் யார் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள், அந்தப் பையனைக் கடைசியில் அனுப்புங்கள்.